உங்கள் டிரைவிங்கை நீங்களே நேர்மையாக மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தனை வருடத்தில் ஒரு விபத்துகூட இல்லை. அப்படியானால் நான் நன்றாகத்தானே ஓட்டுகிறேன்?

நன்றாக ஓட்டுபவராக இருக்கலாம். ஆனால் விபத்து நடக்கவில்லை என்பது அதற்குச் சாட்சி ஆகாது. விபத்து நடக்க நீங்கள் தவறு செய்தால் மட்டும் போதாது. அதே நொடியில் அதே இடத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும், அவராலும் சமாளிக்க முடியாமல் போக வேண்டும். இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறுகிறீர்கள். பின்னால் வந்தவர் சட்டென்று பிரேக்கை மிதித்து வழிவிடுகிறார். உங்களைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. அவருக்கோ நெஞ்சு படபடத்து அடங்கச் சில நிமிடம் ஆகும். இப்படி மற்றவர்கள் சமாளித்துக்கொடுத்த தவறுகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அதனால் விபத்துகளை எண்ண வேண்டாம். திடுக்கிட்ட தருணங்களை எண்ணுங்கள். "இந்த ஆள் எங்கிருந்து வந்தார்?" என்று தோன்றும்போதெல்லாம், பெரும்பாலும் அவர் ஏற்கெனவே சாலையில்தான் இருந்திருப்பார், நீங்கள் தாமதமாகப் பார்த்திருப்பீர்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கைச் சுற்றியவைதான்.

எல்லோருமே தங்களை நல்ல டிரைவர் என்றுதான் நினைக்கிறார்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் 1981-ல் அமெரிக்க, ஸ்வீடன் மாணவர்களிடம் அவரவர் ஓட்டும் திறமையைக் கூட இருந்தவர்களின் திறமையோடு ஒப்பிடச் சொன்னார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர், ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் 50 சதவீதம் பேருக்குத்தான் இடம்.

இதை வெறும் தலைக்கனம் என்று சொல்லிவிட முடியாது. சமையலில் உப்பு கூடினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாலையில் செய்யும் தவறு பெரும்பாலும் தெரியாமலே கடந்துபோகும். ஹார்ன் அடித்தவரை "பொறுமை இல்லாத ஆள்" என்று ஒதுக்கிவிடுகிறோம். உரிமம் வாங்கிய நாளுக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் ஓட்டுவதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவதில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சிறிய நோட்டு, நான்கு வாரம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் எழுதுங்கள். வீட்டுக்குள் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நடந்ததில் பாதி மறந்துவிடும். மீதிப் பாதிக்கு மனம் நியாயம் கண்டுபிடித்துவிடும்.

எழுத வேண்டியவை: பக்கத்தில் இருப்பவர் முன்னால் சாயும் அளவுக்குப் பிரேக் போட்ட இடங்கள்; யாராவது உங்களைப் பார்த்து ஹார்ன் அடித்தது அல்லது லைட் போட்டுக் காட்டியது; கடைசி நொடியில் பார்த்த ஆள், வண்டி, பள்ளம்; போனைத் தொட்ட தடவைகள்; வேக வரம்பைத் தாண்டிய நீளங்கள். நேரம், மழையா வெயிலா, தூக்கம் எப்படி, அவசரத்தில் கிளம்பினீர்களா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

யார் மேல் தப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தப் பத்தியைத் திறந்தால் எல்லாத் தப்பும் எதிராளியுடையதாகவே முடியும். "வெள்ளை கார் குறுக்கே புகுந்தான்" என்பதற்குப் பதிலாக, "சந்திப்புக்கு முன் இடப்பக்கம் நின்ற வெள்ளை காரை 15 மீட்டரில்தான் பார்த்தேன், வேகம் 50" என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்திலிருந்துதான் அடுத்த முறைக்கு ஏதாவது எடுக்க முடியும்.

நான்கு வாரம் முடிந்தது. நோட்டை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு பதிவையும் மூன்றில் ஒரு வகையாகப் பிரியுங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரீசனும் உடனிருந்தவர்களும் 1990-ல் வெளியிட்ட ஓட்டுநர் நடத்தைக் கேள்வித்தாள் இந்த வகைகளில்தான் நிற்கிறது. இன்றும் பல நாடுகளில் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலாவது, கவனச் சறுக்கல். வைப்பருக்குப் பதில் இண்டிகேட்டரைத் தட்டுவது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது, பார்க்கிங் பிரேக்கை எடுக்காமல் நகர்த்துவது. இரண்டாவது, கணிப்புப் பிழை. எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டு ஓவர்டேக் செய்யப் போவது, ஈரச் சாலையில் வழக்கமான இடத்திலேயே பிரேக் தொடங்குவது, திரும்பும்போது ஓரத்தில் வரும் சைக்கிளைக் கவனிக்காதது. மூன்றாவது, தெரிந்தே செய்யும் மீறல். வேக வரம்பு, மஞ்சள் விளக்கு, ஒட்டிக்கொண்டு போவது, போன்.

ஏன் பிரிக்க வேண்டும்? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. சறுக்கல் பெரும்பாலும் களைப்பிலும் சிந்தனை வேறெங்கோ இருப்பதிலும் வரும். பயிற்சியால் குறையாது, ஓய்வால் குறையும். கணிப்புப் பிழைதான் பயிற்சிக்குக் கட்டுப்படும். மீறலுக்குப் பயிற்சி எதுவும் தேவையில்லை, அது முடிவெடுக்கும் விஷயம். விபத்தோடு மிக நெருக்கமாகத் தொடர்புடையது மீறல் என்றே அந்த வகை ஆய்வுகள் முதலில் காட்டின. ஆனால் நோட்டு வைத்திருப்பவர்கள் அதிகம் வருத்தப்படுவது சறுக்கலுக்குத்தான், ஏனென்றால் அதில்தான் வெட்கம் இருக்கிறது. நீங்கள் வருத்தப்படும் வரிசையை நம்பாதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்.

முன்னால் போகும் வண்டியோடு போதுமான இடைவெளி விடுகிறேனா என்று எப்படி அளப்பது?

முன்வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தின் நிழலையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் இடைவெளி இரண்டு விநாடிக்கும் குறைவு. உலர்ந்த சாலைக்கு இரண்டு விநாடி குறைந்தபட்சம், மழையில் நான்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்களே எண்ணத் தொடங்கியதும் கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும், அளவு நன்றாக வரும். அதனால் பக்கத்தில் வருபவரிடம், பயணத்தில் பத்து இடங்களில் உங்களுக்குச் சொல்லாமல் எண்ணி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பத்து எண்கள்தான் உங்கள் உண்மையான பழக்கம்.

இரண்டு விநாடிக்குக் காரணம் எளிய கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 16.7 மீட்டர் போகிறது. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விடும். முன்வண்டி பிரேக் பிடித்தால், இடைவெளி இந்தத் தூரத்தையாவது தாங்க வேண்டும். நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருந்தால் பிரேக் பிடித்து நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 45. வேகம் 100 என்றால் இது சுமார் 97 மீட்டராகிறது, ஏனென்றால் வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

பத்து கி.மீ. வேகம் கூடுதலாகப் போவதை மீறல் என்று எண்ண வேண்டுமா?

வேண்டும். 60-க்குப் பதில் 70-ல் போனால் பத்து கிலோமீட்டர் தூரத்தில் மிச்சமாவது சுமார் 85 விநாடி, அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட இல்லாவிட்டால். அதற்குக் கொடுக்கும் விலை இது: இரண்டு வண்டிகள் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கத் தொடங்குகின்றன. 60-ல் வந்தது நின்றுவிடும் இடத்தில், 70-ல் வந்தது இன்னும் சுமார் 36 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

வேக உணர்வைச் சோதிக்க, ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் வேகத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் ஓடி ஊருக்குள் நுழையும் இடத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கண் பெரிய வேகத்துக்குப் பழகியிருக்கும். 70-ல் போகும்போதும் நத்தைபோல ஊர்வதாகத் தோன்றும்.

எனக்கு ரிஃப்ளெக்ஸ் நன்றாக இருக்கிறது. பலமுறை கடைசி நொடியில் தப்பித்திருக்கிறேன். இது திறமைதானே?

கை கால் வேகமாக இருக்கிறது, கண் தாமதமாக இருக்கிறது. தேர்ந்த ஓட்டுநரோடு போனால் சலிப்பாக இருக்கும், எதுவுமே நடக்காது. சிக்னலுக்கு 200 மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்திருப்பார்.

ஆனாலும் அவசரப் பிரேக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிஜ அவசரத்தில் பலர் பிரேக்கை வேகமாக மிதிக்கிறார்கள், முழு பலத்தோடு மிதிப்பதில்லை. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் மெர்சிடிஸ் பென்ஸ் 1996-ல் பிரேக் அசிஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள காரில், ஆளில்லாத மைதானத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்து, 40 கி.மீ. வேகத்தில் பெடலை முழுதாக அழுத்தி அப்படியே பிடியுங்கள். கால் அடியில் படபடவென்று அதிரும். அந்த அதிர்வில் பயந்து காலை எடுப்பதுதான் வழக்கமான தவறு. எடுத்தால் நிற்கும் தூரம் நீளும். விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது, அந்த வேலையை ஏபிஎஸ் உங்களைவிட வேகமாகச் செய்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள், வண்டி திரும்பும்.

என் கண் எங்கே பார்க்கிறது என்பதை நானே எப்படித் தெரிந்துகொள்வது?

ஓட்டிக்கொண்டே பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். போலீஸ் ஓட்டுநர் பயிற்சிகளில் வெகுகாலமாக இருக்கும் முறை இது. பழகிய, நெரிசலில்லாத சாலையில் ஐந்து நிமிடம், போனில் குரல் பதிவை ஓடவிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அறிந்தவற்றில் இதைவிட நேர்மையான சோதனை வேறு இல்லை. ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்பதைவிட எதைப் பார்த்து ஓட்டுகிறார் என்பதை இது அப்படியே வெளியே கொண்டுவந்துவிடும்.

நல்ல பதிவு இப்படி இருக்கும்: "முன்னால் பஸ் நிற்கிறது. கடைசி ஆள் ஏறிவிட்டார், முன்சக்கரம் வெளியே திரும்புகிறது, கிளம்பப்போகிறது. பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது குறுக்கே வரலாம். மிரரில் ஒரு பைக், தள்ளித்தான் இருக்கிறது. வேகம் 30-க்கு இறக்குகிறேன்."

பிறகு பதிவைக் கேட்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முன்வண்டியைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறீர்களா? அப்படியானால் பார்வை பம்பரில் சிக்கியிருக்கிறது. 10 முதல் 15 விநாடி தூரத்துக்கு அப்பால் பார்க்கப் பழக வேண்டும். மிரர் என்ற சொல் ஐந்து நிமிடத்தில் ஓரிரு முறைதான் வந்ததா? கடந்துபோனதைச் சொல்கிறீர்களா, வரப்போவதைச் சொல்கிறீர்களா? "பைக் வந்தது" என்பது செய்தி. "அந்தச் சந்திலிருந்து பைக் வரலாம்" என்பதுதான் டிரைவிங்.

தொடக்கத்தில் வாய் கண்ணுக்குப் பின்தங்கும். மூன்றாவது, நான்காவது தடவையில் சரியாகிவிடும். பேச்சு ஓட்டுவதைக் கெடுக்கிறது என்று தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உட்காரும் விதத்தையும் மிரரையும் சரிபார்க்க வேண்டுமா? வருடக்கணக்கில் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

வருடக்கணக்கில் ஓட்டியிருந்தாலும் சரிபாருங்கள். பிரேக்கை முழுதாக அழுத்திய நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். ஏர்பேக் இருந்தால் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும். ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும். கழுத்துக்குத் தலையணைபோல வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் இடி வாங்கும்போது அது உதவாது.

சைடு மிரரில் உங்கள் காரின் பக்கவாட்டு பெரிதாகத் தெரிந்தால், தேவையானது தெரியவில்லை என்று அர்த்தம். உங்கள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் தலை கிட்டத்தட்டப் படும்படி சாய்ந்து, காரின் ஓரம் அப்போதுதான் கொஞ்சம் தெரியும்படி அந்த மிரரை வெளியே தள்ளுங்கள். அடுத்த பக்கத்துக்கு, காரின் நடுவை நோக்கிச் சாய்ந்து அதேபோலச் செய்யுங்கள். இப்போது ஓவர்டேக் செய்யும் வண்டி நடு மிரரிலிருந்து சைடு மிரருக்கும், அங்கிருந்து கடைக்கண்ணுக்கும் இடையில் மறையாமல் நகர வேண்டும். ஆனாலும் லேன் மாறும் முன் தலையைத் திருப்பி ஒருமுறை பார்க்கும் வேலை போகாது. இரண்டு சக்கர வண்டி ஒளிந்துகொள்ள மிகச் சிறிய இடம் போதும்.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில்தான் பேசுகிறேன். அதையும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் சிமுலேட்டரில் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், போனைக் கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்களுக்கும் ஓட்டுவதில் ஏற்பட்ட குறைபாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவர் சாலை நெருக்கடியானதும் தானாகப் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்குச் சாலை தெரியாது.

தூக்கம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவேன். போதாதா?

தெரியும்போது தாமதமாகியிருக்கும். 17 மணிநேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் இருவரும் அளந்து காட்டினார்கள். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு அந்த 17 மணிநேரம் இரவு 10 மணிக்கே முடிந்துவிடும். உணர்வை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் என்ன கடந்தீர்கள் என்று சொல்ல முடியவில்லையா, லேன் கோட்டைச் சக்கரம் தொட்டுவிட்டதா, உடனே பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் பயன்படாது. காபி குடித்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் தூங்குவது கொஞ்ச நேரத்துக்குக் கைகொடுக்கும்.

வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டால் உண்மை வருமா?

"நான் எப்படி ஓட்டுகிறேன்?" என்று கேட்டால் வராது. மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள், அல்லது பழைய சண்டை ஒன்று மேலே வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "இன்றைக்கு எந்த இடத்தில் உன் கால் தானாகத் தரையில் அழுந்தியது? எங்கே மேலே உள்ள பிடியைப் பிடித்தாய்?" அவர்கள் சொல்லும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். ஒரு விளக்கம் கொடுத்தால் அடுத்த முறை எதுவும் சொல்ல மாட்டார்கள்.

கேட்காமலே தெரியும் அடையாளமும் உண்டு. வண்டி நிற்கும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்து அசைந்தால், கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கை லேசாகத் தளர்த்தவில்லை. நீங்கள் ஓட்டும்போது மட்டும் குழந்தைக்கு வாந்தி வருகிறது என்றால், பிரேக், ஆக்சிலரேட்டர், வளைவு மூன்றையும் மென்மையாக்கிப் பாருங்கள்.

வண்டியே ஏதாவது சொல்லுமா?

சொல்லும். முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்தால் முதலில் காற்றழுத்தத்தையும் அலைன்மென்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் வளைவில் வேகம் அதிகம். அதே சாலைகளில் அதே மாடலை ஓட்டுபவரைவிட உங்கள் பிரேக் பேடு சீக்கிரம் தீர்கிறதா, கிளட்ச் சீக்கிரம் போகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கிளட்ச் பெடலில் கால் வைத்தே ஓட்டுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது நடக்கும். பம்பரின் ஒரே மூலையில் திரும்பத் திரும்பக் கீறல் விழுந்தால், அந்த மூலை எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு அட்டைப்பெட்டியை வைத்து மெதுவாக நெருங்கி, இறங்கிப் பார்த்து, கண்ணுக்குப் பழக்குங்கள்.

பைக் ஓட்டுபவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

நோட்டும் வாய்விட்டுச் சொல்வதும் பொருந்தும். வாய்விட்டுச் சொல்வது ஹெல்மெட்டுக்குள் இன்னும் எளிது. கூடுதலாக ஒன்றைச் சோதியுங்கள்: பின்பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறீர்களா? பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரத்தின் பிடி குறைகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. வண்டி நேராக இருக்கும்போது, லீவரை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக இறுக்கிப் பழகுங்கள். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவின் நடுவிலும் வேண்டாம்.

இரவில் மட்டும் தடுமாறுகிறேன். வயதா, கண்ணாடியா?

முதலில் முன்கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய படலம் எதிர்வெளிச்சத்தைப் பரப்பிவிடும். பிறகு கண் மருத்துவர். அதன்பின் வேகம்: டிம் லைட்டில் சாலை தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர் வரைதான். 80 கி.மீ. வேகத்தில் நிற்க, மேலே சொன்ன கணக்கின்படி, சுமார் 69 மீட்டர் வேண்டும். இருட்டில் தடுமாறாத இளைஞருக்கும் இதே கணக்குத்தான்.

அட்வான்ஸ்டு டிரைவிங் கோர்ஸ் போனால் எல்லாம் சரியாகிவிடுமா?

எந்தக் கோர்ஸ் என்பதைப் பொறுத்தது. 1996-ல் ஸ்வீடனில் கிரெகர்சன் இளம் ஓட்டுநர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் திறமை கற்றுத்தரப்பட்டது. இன்னொரு குழுவுக்கு, தங்களால் எவ்வளவு சமாளிக்க முடியாது என்பது உணர்த்தப்பட்டது. பிறகு சோதித்தபோது திறமையில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் குழு தங்களை உயர்வாக மதிப்பிட்டது. ஆகவே வண்டியைச் சறுக்கவிட்டு மீட்கச் சொல்லித்தரும் இடத்தைவிட, உங்கள் வழக்கமான சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் குறிப்பெடுக்கும் பயிற்சியாளர் மேல்.

குறைகள் தெரிந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தலாமா?

வேண்டாம். நோட்டில் அதிகம் வரும் ஒன்றை எடுத்து இரண்டு வாரம் அதை மட்டும் கவனியுங்கள். ஒட்டிப்போவதுதான் முதலிடத்தில் இருந்தால் அதையே எடுங்கள். இடைவெளி கூடினாலே திடீர் பிரேக்கும், தாமதமாகப் பார்ப்பதும், பின்வண்டியின் ஹார்னும் கூடவே குறையும். போனாக இருந்தால் உறுதிமொழி வேண்டாம். கிளம்பும் முன் பின்சீட்டுப் பையில் போட்டுவிடுங்கள். அவசரத்தில் கிளம்பும் நாட்களில்தான் எல்லாமே நடக்கிறது என்று தெரிந்தால் திருத்த வேண்டியது கிளம்பும் நேரம்.

திருத்திக்கொள்ளாமல் ஓட்டுவதையே நிறுத்த வேண்டிய கட்டம் எது?

பழகிய வழியில் திசை மறப்பது, பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரில் கால் போவது, சந்திப்பில் யார் முதலில் போக வேண்டும் என்று சட்டென்று புரியாமல் நிற்பது, கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாதது, புதிய மாத்திரை தொடங்கியபின் மந்தமாக இருப்பது. இவற்றில் ஒன்று நடந்தாலும் சாவியை எடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். இதில் பல காரணங்கள் குணப்படுத்தக்கூடியவை: கண்புரை, மருந்தின் அளவு, சரியாக நடத்தப்படாத தூக்கக் கோளாறு. பெடல் மாறியது மட்டும் ஒருமுறை நடந்தாலும் "செருப்பு வழுக்கிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

இந்த நோட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

வருடத்துக்கு ஒருமுறை நான்கு வாரம். வண்டி மாற்றினால், வேலைக்குப் போகும் வழி மாறினால், உடல்நலம் மாறினால், பல மாதம் ஓட்டாமல் இருந்து மீண்டும் தொடங்கினால், முதல் வாரத்திலேயே எடுங்கள். புது வண்டியில் பிரேக் பெடலின் பிடிப்பும் மூலைகளின் தூரமும் வேறாக இருக்கும். பழைய எண்ணிக்கை அதற்குச் செல்லாது.